முருங்கை இல்லாத ஊரில் கூட்டாஞ்சோறு

தென்காசியில் இரவு பத்தரை மணி. கடைகள் அடைத்துத் தெரு ஓய்ந்துவிட்டது. பிரிட்டனில் அப்போதுதான் மாலை ஐந்து. குளிர்காலம் என்பதால் அங்கேயும் இருட்டிவிட்டது. செல்போனை மிக்ஸிமேல் சாய்த்து வைத்துவிட்டு மகள் அடுப்பைப் பற்றவைக்கிறாள். இங்கே அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்க்கிறார்.

“ஏட்டி, முருங்கைக் கீரை போட்டியா?”

“இங்க எங்கம்மா முருங்கைக் கீரைக்குப் போக?”

“அப்ப அது எப்பிடி கூட்டாஞ்சோறு ஆவும்?”

“கேல்னு ஒரு கீரை கெடக்கும்மா. அதப் போடட்டா?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு அம்மா கேட்கிறார்: “அது கசக்குமா? வெந்தா தண்ணி விடுமா?”

நர்ஸ் வேலை, டாக்டர் வேலை, ஐ.டி. வேலை, மேல்படிப்பு என்று பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பியிருக்கும் வீடுகளில் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர் எங்கும் இதே கதைதான். பல நாள் இது பாதியிலேயே நின்றுபோகும். “அங்க கெடைக்கதப் பொங்கித் தின்னு” என்று அம்மா சலித்துக்கொள்வார். மகள் ரொட்டியைச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிடுவாள். ஆனால், அந்த அம்மா கடைசியாகக் கேட்ட இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டால், எந்த ஊரிலும் நம் சமையலைச் சமைத்துவிடலாம்.

குற்றாலத்துக்கு வந்த விருந்தாளிகள்

‘அசல் பொருள் இல்லாமல் அசல் ருசி வராது’ என்று சொல்பவர்கள் ஒருமுறை குற்றாலத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சீசன் நேரத்தில் அருவிக்குப் போகும் வழியெல்லாம் ரம்புத்தானும் மங்குஸ்தானும் குவிந்து கிடக்கும். துரியனும் வரும். ‘குற்றாலத்துப் பழம்’ என்றே வாங்கி வருகிறோம். ஆனால், மூன்றுமே மலேசியா, இந்தோனேசியா பக்கத்துப் பழங்கள். பிலிப்பைன்ஸ் சந்தைகளிலும் அன்றாடம் விற்பவை.

கிராம்பின் கதை இன்னும் சுவாரஸ்யம். கிராம்பும் ஜாதிக்காயும் இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளுக்குச் சொந்தமானவை. பல காலம் அந்த வியாபாரத்தை டச்சுக்காரர்கள் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். அந்தச் செடிகளை இந்திய மண்ணில் வளர்த்துப் பார்க்க நினைத்த பிரிட்டிஷ் கிழக்கிந்திய கம்பெனி, 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குற்றாலத்தில் வாசனைப் பொருள் தோட்டம் போட்டது. மலைச் சாரலும் மண்ணும் ஒத்துக்கொண்டன. இன்று கிராம்பு இல்லாத பிரியாணியை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா?

மிளகாயும் அப்படித்தான். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. அதற்கு முன்னால் நம் குழம்புக்குக் காரம் கொடுத்தது மிளகு. மிளகு செய்த வேலையை மிளகாய் எடுத்துக்கொண்டது. யாரும் ‘இது குழம்பே இல்லை’ என்று சொல்லவில்லை. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். மலைக்கு அந்தப் பக்கத்துச் சமையலும் இந்தப் பக்கத்துச் சமையலும் கணவாய் வழியாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவை. ஆக, தென்காசிச் சமையல் வந்த பொருளையெல்லாம் வாங்கி வைத்துப் பழக்கப்படுத்திக்கொண்ட சமையல். அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோகும்போது மட்டும் நாம் ஏன் பயப்பட வேண்டும்?

ஒரே வார்டில் இரண்டு முருங்கை

பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் வெளிநாட்டு நர்ஸ்களில் இந்தியர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஒரே வார்டில், ஒரே ஷிஃப்டில் வேலை பார்ப்பார்கள். இருவருக்கும் ஒரே ஏக்கம்: வீட்டுச் சாப்பாடு.

பிலிப்பைன்ஸ்காரர்களின் பெருமைமிக்க குழம்பு ஒன்றின் பெயர் சினிகாங். மீனோ இறைச்சியோ போட்டு, புளிப்பாகக் காய்ச்சும் ரசம் போன்றது. அதற்குப் புளியைத்தான் அதிகம் போடுவார்கள். ஆனால், அந்த நாட்டுக்குள்ளேயே பகுதிக்குப் பகுதி அது மாறும். ஒரு வீட்டில் மாங்காய், இன்னொரு வீட்டில் கொய்யா, வேறொரு வீட்டில் பிலிம்பிக்காய். எதைப் போட்டாலும் அது சினிகாங்தான். புளிப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அதனால் பிரிட்டனுக்குப் போன பிறகு எலுமிச்சையைப் பிழிந்துகொள்ள அவர்களுக்குத் தயக்கம் இல்லை. குழம்பில் போடும் வள்ளைக்கீரைக்குப் பதில் ஸ்பினாச். ‘அடோபோ’ என்ற இறைச்சிச் சமையலுக்குத் தென்னை அல்லது கரும்பு வினிகர் கேட்கும். அங்கே ஆப்பிள் வினிகரை ஊற்றிச் சமாளிக்கிறார்கள். கலமான்சி என்ற குட்டி எலுமிச்சை கிடைக்காவிட்டால் எலுமிச்சைச் சாற்றில் கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு.

இதில் நமக்கு நேரடியாக உதவும் ஒரு செய்தி உண்டு. ‘தினோலா’ என்ற கோழி சூப்பில் அவர்கள் ஒரு கீரை போடுவார்கள். பெயர் ‘மலுங்காய்’. காதுக்கே நம் முருங்கை போல ஒலிக்கும். பொருளும் முருங்கைக் கீரையேதான்! பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊற வேண்டும் என்று நம்மைப் போலவே அவர்களும் அதைச் சமைத்துக் கொடுக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் கடைகளின் ஃப்ரீசரில் ‘மலுங்காய்’ என்று எழுதிய பாக்கெட்டில் அது கிடைக்கும். இந்தியக் கடையில் முருங்கைக் கீரை இல்லை என்று திரும்பிவிடும் தென்காசிப் பெண்ணுக்கு, பக்கத்துக் கட்டிலைப் பார்க்கும் பிலிப்பைன்ஸ் தோழியிடம் கேட்டால் வழி தெரிந்துவிடும்.

பெயரை விடுங்க, வேலையைப் பாருங்க

“அது கசக்குமா? தண்ணி விடுமா?” என்று அம்மா கேட்டதைத் திரும்பப் பார்ப்போம். கீரையின் பெயர் அவருக்குத் தெரியாது. கூட்டாஞ்சோற்றில் கீரை என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். லேசான கசப்பு, சோற்றோடு ஒட்டி நிற்கும் தன்மை. கேல் அந்த வேலையைச் செய்யும். நடுத்தண்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பொடியாக நறுக்கினால் போதும். ஸ்பினாச் தண்ணீர் விட்டுக் குழைந்துவிடும். போட்டே ஆக வேண்டும் என்றால், இறக்கும் நேரத்தில் போடலாம். இதே கணக்கில் மற்றப் பொருட்களையும் பார்ப்போம்.

புளிப்பு: அவியலுக்கும் மாங்காய்ப் பச்சடிக்கும் மாங்காய் கிடைக்காதபோது, பிரிட்டனில் எல்லாக் கடைகளிலும் இருக்கும் ‘பிராம்லி’ என்ற சமையல் ஆப்பிள் கைகொடுக்கும். நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல் என்ற ஊரில் 1809-ல் ஒரு பெண் ஊன்றிய விதையிலிருந்து வந்த ரகம் இது. பச்சையாகக் கடித்தால் பல் கூசும். அந்தக் கூச்சம்தான் நமக்கு வேண்டியது. ஒரு எச்சரிக்கை: மாங்காய் போல இது துண்டாக நிற்காது, சீக்கிரம் கரைந்துவிடும். மற்றக் காய்கள் வெந்த பிறகு கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்க்க வேண்டும். பச்சடிக்கோ கரைவதே வசதி.

தேங்காய்ப்பால்: நெல்லைப் பக்கத்து மறுவீட்டு விருந்தின் நாயகன் சொதி. முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிந்து, தண்ணிப் பாலில் காயை வேகவைத்து, கெட்டிப் பாலைக் கடைசியில் ஊற்றுவோம். டின் பாலில் இந்த வரிசையைத் தொலைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக ஊற்றிக் கொதிக்கவிடுவதால்தான் ‘சொதி சரியா வரலை’ என்ற புலம்பல். தேங்காயும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த 400 மில்லி டின்னாகப் பார்த்து வாங்குங்கள். குலுக்காமல் குளிர்ந்த இடத்தில் வைத்தால் மேலே கெட்டியாகத் திரளும். அதுதான் முதல் பால். எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். மிச்சத்தில் இரண்டு பங்கு தண்ணீர் விட்டால் அது இரண்டாம், மூன்றாம் பால். அதில் காய்களையும், இஞ்சி பச்சைமிளகாய் விழுதையும், தனியே வேகவைத்த பாசிப்பருப்பையும் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்துக் கெட்டிப் பாலைச் சேருங்கள். நுரைகட்டியதும் இறக்கிவிட வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்த பிறகுதான் எலுமிச்சை. இந்த முறை கெடாதவரை டின் பாலிலும் சொதி சொதியாகவே இருக்கும்.

குழைவு: கூட்டாஞ்சோறு குழைய வேண்டும். பாசுமதி அரிசிக்கு அந்தக் குணம் கிடையாது. உதிரி உதிரியாக நிற்கத்தான் அது பிறந்தது. சோனா மசூரி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், வெள்ளைக்காரர்கள் பால் பாயசம் போன்ற இனிப்புக்கு வாங்கும் ‘புடிங் ரைஸ்’ என்ற குட்டை அரிசியைச் சாதாரண அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். குக்கரில் இன்னும் ஒரு கப் தண்ணீர் கூட.

சின்ன வெங்காயம்: ‘ஷாலட்’ என்ற பெயரில் கிடைக்கும். கொஞ்சம் பெரிதாக, நீளமாக இருக்கும். இனிப்பும் காரமும் நம் உள்ளிக்குப் பக்கத்தில் வரும்.

கருப்பட்டி: ‘மஸ்கவாடோ’ என்ற கருஞ்சர்க்கரை நிறமும் கனமும் கொடுக்கும். பனையின் வாசனை வராது. அதை ஒத்துக்கொண்டு, சுக்கைக் கொஞ்சம் கூட்டிப் போடலாம்.

சிறுகிழங்கு: தைப்பொங்கலுக்குத் தென்காசிச் சந்தையில் மண்ணோடு குவியும் சிறுகிழங்குக்கு நேரான மாற்று எதுவும் இல்லை. பார்க்க உருளை போல இருந்தாலும் அது துளசி, புதினா குடும்பத்துச் செடி. அந்த வாசனை அதற்கு மட்டும்தான். குட்டி உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, தேங்காய், சீரகம் அரைத்துப் பொரியல் பண்ணலாம். பண்டிகை நடக்கும். ஆனால், சிறுகிழங்குக்கான ஏக்கம் ஊருக்கு வரும்வரை இருக்கத்தான் செய்யும்.

ஏமாற்றும் பொருட்கள்

இல்லாத பொருளைவிட, இருப்பது போல நடிக்கும் பொருள்தான் சமையலைக் கெடுக்கும். முதல் குற்றவாளி எள் எண்ணெய். சூப்பர் மார்க்கெட்டில் சீனச் சமையல் வரிசையில் இருக்கும் எள் எண்ணெய், வறுத்த எள்ளில் எடுத்தது. கறுத்து, புகை வாசனையோடு இருக்கும். அதை நல்லெண்ணெய் என்று நினைத்து உளுந்தங்களியில் ஊற்றினால் அவ்வளவுதான், வாயில் வைக்க முடியாது. நம்முடையது வறுக்காத எள்ளில் ஆட்டியது. இந்தியக் கடையிலோ இலங்கைத் தமிழர் கடையிலோ கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது கேக் சாமான் வரிசையில் இருக்கும் தேங்காய்த் துருவல். சில வகைகளில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் படிக்காமல் துவையல் அரைத்தால் அது மிட்டாய் ஆகிவிடும். சர்க்கரை சேர்க்காததை வாங்கி வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து அரைக்கலாம். ஃப்ரீசரில் இருக்கும் துருவிய தேங்காய் இதைவிட நல்லது. கறிவேப்பிலைக்குப் பதில் பிரிஞ்சி இலை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கறிவேப்பிலை கிடைக்கும் நாளில் நிறைய வாங்கி, ஈரம் துடைத்து ஃப்ரீசரில் போட்டுவைப்பதுதான் வழி.

ஊரிலிருந்து எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிவிடலாம் என்றால், அதற்கும் எல்லை உண்டு. இந்தியாவிலிருந்து போகும் பயணி, நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களையும் இறைச்சியையும் பிரிட்டனுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. அம்மா உருக்கிய நெய் விமான நிலையத்துக் குப்பைக்குப் போகும் சோகம் இதனால்தான். கடையில் வரும் காயும் நிரந்தரம் அல்ல. 2014 மே மாதம், பூச்சி இருந்ததைக் காரணம் காட்டி, இந்தியாவின் மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேப்பங்கிழங்கு ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியம் தடுத்தது. பிரிட்டன் அப்போது அந்த ஒன்றியத்தில்தான் இருந்தது. மாம்பழத்துக்கு 2015-ல் வழி திறந்தது. காய்கள் அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. மாற்றுப் பொருள் தெரிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட நேரங்களில் சமையலறை ஓடும்.

பேறுகாலத்தில் வரும் சோதனை

கூட்டாஞ்சோறு இல்லாமல் இருந்துவிடலாம். ஆனால், மகள் அங்கேயே பிள்ளை பெறும்போது கதை வேறு. விசா தாமதம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, டிக்கெட் விலை என்று ஏதோ ஒன்று அம்மாவின் பயணத்தைத் தள்ளிப்போடும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வராத மகளுக்கு, தாய்வீட்டுச் சோறாவது போய்ச் சேர வேண்டாமா?

நம் பக்கத்தில் வயசுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இடுப்புக்குப் பலம் என்று உளுந்தஞ்சோறு பொங்குவது வழக்கம். நல்ல செய்தி: இதற்கு வேண்டிய எல்லாமே பிரிட்டனில் கிடைக்கும், பெயர் மட்டும் தெரிந்தால் போதும். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தை குஜராத்தி, பஞ்சாபிக் கடைகளில் ‘உரத் தால் சில்கா’ என்று விற்பார்கள். ‘சில்கா’ என்றால் தோல். அந்த ஒரு சொல் தெரியாமல் வெள்ளை உளுந்தை வாங்கி வந்து ஏமாந்தவர்கள் பலர்.

ஒரு கப் அரிசிக்கு அரை கப் உளுந்து. உளுந்தை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு டீஸ்பூன் வெந்தயம், பத்துப் பதினைந்து பல் பூண்டு, அரை கப் தேங்காய்த் துருவல், உப்பு, நான்கு கப் தண்ணீர். எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் வைத்து நான்கு விசில். இறக்கியதும் நல்லெண்ணெய். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். இதை அம்மாதான் வந்து செய்ய வேண்டும் என்பதில்லை. வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தால் மருமகனும் செய்யலாம். பல வீடுகளில் அப்படித்தான் அவர்கள் முதன்முதலாகக் கரண்டி பிடிக்கிறார்கள்.

அம்மாக்களுக்கு மூன்று வேலை

சிக்கல் பெரும்பாலும் நம் பக்கத்தில் இருக்கிறது. “கண்ணளவுக்குப் போடு”, “பதம் பாத்து இறக்கு” என்று சொன்னால், கண்ணும் பதமும் ஐயாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேராது. அதனால் மூன்று சின்ன வேலைகள்.

ஒன்று, ஒரே ஒருமுறை உங்கள் கைப்பிடியைத் தராசில் வையுங்கள். நீங்கள் அள்ளும் ஒரு கை உளுந்து எத்தனை கிராம், புளி நெல்லிக்காய் அளவு என்றால் எவ்வளவு என்று எழுதிக்கொடுங்கள்.

இரண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அது எதற்கு என்று ஒரு சொல் சேருங்கள். ‘மாங்காய் – புளிப்புக்கு’, ‘வடகம் – வாசத்துக்கு’, ‘பருப்பு – குழைவுக்கு’. மாற்று தேடும் மகளுக்கு இந்த ஒரு சொல் போதும்.

மூன்று, எதை மாற்றக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொதியில் பாலின் வரிசை, உளுந்தஞ்சோற்றில் வறுக்கும் பதம், வடகம் தாளிக்கும் நேரம். சித்திரை வெயிலில் காயவைத்த அந்த வடகத்தை அங்கே காயவைக்க முடியாது. அங்கே வருஷத்தில் பாதி நாள் நம் ஆடிச் சாரல் போலத்தான் வானம். எடையும் குறைவு என்பதால், பெட்டியில் நெய்க்கு ஒதுக்கிய இடத்தை வடகத்துக்குக் கொடுங்கள்.

இவையெல்லாம் மகளுக்காக மட்டும் அல்ல. அம்மாவின் கைப்பக்குவம் எழுத்தில் இல்லாமல் போன வீடுகளில், உள்ளூரிலேயே இருக்கும் பிள்ளைகள்கூட ‘ஆச்சி வச்ச மாதிரி இல்லை’ என்றுதான் சாப்பிடுகிறார்கள். தொலைவில் இருக்கும் மகள் கேட்டுக் கேட்டு எழுதவைப்பதால், ஆச்சியின் சமையல் அந்த வீட்டில் தங்குகிறது.

தென்காசியில் மணி பதினொன்று. குக்கர் விசில் அடங்கிவிட்டது. மகள் தட்டில் போட்டு, ஒரு வாய் எடுத்து வைக்கிறாள். அம்மா இமை கொட்டாமல் பார்க்கிறார்.

“எப்பிடி வந்துருக்கு?”

“நல்லாருக்கும்மா. கீரை லேசா கசக்கு, நம்ம வீட்டுல மாதிரியே.”

“மாங்காய்க்கு என்ன செஞ்ச?”

“ஒரு ஆப்பிள் உண்டும்மா, புளிக்கும். அதப் போட்டேன்.”

அம்மா காலண்டர் தாளைத் திருப்பி, பேனாவை எடுக்கிறார்.

“எப்பப் போடணும் அத? மொதல்லயா, கடைசியிலயா? சொல்லு, எழுதிக்கிடுதேன். உன் தங்கச்சியும் அடுத்த மாசம் அங்கனதான வாரா!”